புக்கில் இல்லாத யூனிஃபார்ம்

காலேஜில் மூன்று வருஷம் பி.காம். படித்து முடித்த பிறகு இங்கிலீஷ் கற்றுக்கொள்ள டியூஷனுக்குப் போனவன் நான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காலேஜில் டிகிரிதான் தருவார்கள். இங்கிலீஷ் தனி.

திருவொற்றியூர் ஹை ரோட்டில் ஒரு டயர் ரீட்ரெடிங் கடை. அதன் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர். கீழே ரப்பரைக் காய்ச்சுவார்கள், மேலே எங்களைக் காய்ச்சுவார்கள். புகையில் கண் எரிய எரியத்தான் நான் பாஸ்ட் டென்ஸ் கற்றேன். இன்றைக்கும் எங்காவது டயர் எரிகிற வாசனை வந்தால் வாய் தானாக ‘குட் மார்னிங் சார்’ என்கிறது.

எங்கள் சார் அந்தப் புழுக்கத்திலும் டை கட்டியவர். ஒரு நாள் போர்டில் மூன்று கட்டம் போட்டார். “வார்த்தையை மனப்பாடம் பண்ணாதீங்க. உடைங்க” என்றார். முன்னால் ஒட்டுவது ஒன்று, நடுவில் வேர், பின்னால் ஒட்டுவது ஒன்று. மூன்றும் தெரிந்துவிட்டால் இதுவரை பார்க்காத வார்த்தைக்குக்கூட அர்த்தம் சொல்லிவிடலாமாம். எனக்கு உடனே பிடித்துவிட்டது. மனப்பாடம்தான் எனக்கு வராது. உடைப்பதில் சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரன், அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

சார் ‘போர்ட்’ என்று எழுதினார். சுமந்து போவது என்று அர்த்தமாம். முன்னால் ‘இம்’ ஒட்டினால் சரக்கு உள்ளே வரும். ‘எக்ஸ்’ ஒட்டினால் வெளியே போகும். ‘டிரான்ஸ்’ ஒட்டினால் இங்கிருந்து அங்கே போகும். ‘டி’ ஒட்டினால் ஆளையே நாட்டை விட்டுத் துரத்திவிடும். எனக்கு ஜன்னல் ஓர சீட். வெளியே எட்டிப் பார்த்தேன். ஹார்பர் கேட் திறப்பதற்காக டிரெய்லர் லாரிகள் வரிசையில் நின்றன. முன்னால் இழுக்கிற ஹெட், நடுவில் கன்டெய்னர் பெட்டி, பின்னால் லைட் உடைந்துபோன இடத்தில் கட்டித் தொங்கவிட்ட சிவப்புத் துணி. சார் சொன்ன மொத்தப் பாடமும் எங்கள் ரோட்டில் ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றது. பெட்டி அதே பெட்டிதான். ஹெட்டை மாற்றினால் போகிற ஊர் மாறிவிடும்.

சாயங்காலமே இதை எங்கள் கேப்டனிடம் சொன்னேன். கேப்டன் என்றால் தெரு கிரிக்கெட் டீமின் கேப்டன். எண்ணூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை. வாரத்தில் ஆறு நாள் இரும்புத் தூளில் குளிப்பான், ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் மனுஷனாவான்.

“இதுக்கா பீஸு கட்டி படிக்கிற?” என்றான். “ஓவர்டைமு, ஓவர்லோடு, சப்-கான்ட்ராக்ட்டு, எக்ஸ்-கவுன்சிலரு. இதெல்லாம் நம்ம ஏரியாவுல கொழந்தகூட பேசுமே மாமு.”

நியாயம்தான். நாங்கள் பிறந்ததிலிருந்து முன்னொட்டோடுதான் வாழ்ந்திருக்கிறோம். அது முன்னொட்டு என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. கையில் கிடைத்ததற்கெல்லாம் தலையையும் வாலையும் ஒட்டினேன். வீட்டில் இரண்டாம் முறை சாப்பாடு கேட்கும்போது “எம்மா, ரீ-சோறு” என்பேன். “சாம்பாரு அன்-உப்பு” என்பேன். அம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, “இன்னைக்கு அன்-சோறு. எந்திரி” என்றாள். வீட்டில் இந்தப் பாடம் அத்தோடு முடிந்தது.

தெருவில் முடியவில்லை. அதற்குக் காரணம் கிரவுண்டு.

ரயில் லைனை ஒட்டி, பூட்டிக் கிடந்த ஒரு உப்பு குடோனுக்குப் பின்னால் ஒரு காலி இடம். எங்கள் தெருவுக்கும் பின் தெருவுக்கும் இருந்த ஒரே கிரவுண்டு அதுதான். அதுவும் ஞாயிறு காலையில் மட்டும்தான் கிரவுண்டு. மதியம் ஆனால் டிரெய்லர்கள் வந்து நின்றுவிடும். அப்புறம் பிட்ச்சுக்கு மேல் ஸ்டவ் பற்றவைத்து டிரைவர்கள் சமைப்பார்கள். ஆக, ஞாயிறு காலை யாருக்கு என்பதுதான் கேள்வி. வருஷத்துக்கு ஒரு தடவை பெட் மேட்ச் வைத்துத் தீர்த்துக்கொள்வோம். ஜெயித்த தெருவுக்கு வருஷம் முழுக்க ஞாயிறு காலை. டை ஆனால் போன வருஷம் யாரிடம் இருந்ததோ அவர்களிடமே இருக்கும். போன வருஷம் நாங்கள். தோற்றால் எங்கள் கேப்டனுக்கு ஏழு நாளும் இரும்புத் தூள்தான்.

அந்த வருஷம் பெட் மேட்ச் அன்று பார்த்து மழை கொட்டித் தீர்த்தது. கிரவுண்டில் முட்டியளவு தண்ணீர். இரண்டு டீமும் பேட்டும் கையுமாகப் பழைய பேப்பர் கடையின் தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கினோம்.

“இன்னா மாமு, கிரவுண்டு கடலாயிடுச்சி” என்றான் பின் தெரு கேப்டன். “அடுத்த வாரம் வெச்சிக்கலாமா?”

“வெச்சிக்கலாம். அதுவரைக்கும் கிரவுண்டு எங்களுது” என்றான் எங்கள் கேப்டன்.

“அதெப்டி? மழ உனுக்கு மட்டுமா பேஞ்சுது?”

“போன வருசம் ஜெயிச்சது யாரு?”

“போன வருசம் அம்பயரு உன் சித்தப்பா!”

பேச்சு சித்தப்பாவில் ஆரம்பித்து தாத்தா வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. கடைசியில் பின் தெரு கேப்டன் தன் பக்கத்தில் நின்ற ஒரு பையனின் தோளில் கை போட்டான். பிளஸ் டூ படிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து நேராக வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, நீல பேன்ட், பாக்கெட்டில் ஸ்கூல் பேட்ஜ். அவனை எல்லோரும் ‘கான்வென்ட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“ஆட்டத்த வுடு. எங்க தெருவுல கான்வென்ட்டு கீறான். உங்க தெருவுல இங்கிலீஷு பேச ஒரு ஆளு கீதா?”

இந்த இடத்தில் எங்கள் கேப்டன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவனுக்கு அந்தப் பழக்கமில்லை.

“எங்காளு டிகிரிடா! அதுவும் பத்தாதுன்னு டயர் கட மாடில வார்த்தய ஒட்ச்சி ஒட்ச்சி அடுக்கிகினு கீறான். மோதிப் பாக்குறியா? கிரவுண்டு பெட்டு!”

“டேய், நான் பேரு குடுக்கவே இல்ல” என்றேன்.

“நான் குடுத்துட்டேன், நீ அடி” என்றான்.

விதிமுறைகளை அங்கேயே நின்று போட்டார்கள். வேர் ஒன்று கொடுப்பார்கள். முன்னால் பின்னால் எதையாவது ஒட்டி வார்த்தை சொல்ல வேண்டும். வார்த்தைக்கு ஒரு ரன். எதிர் டீம் ‘அப்பீல்’ என்றால் டிக்‌ஷனரியில் பார்க்க வேண்டும். இருந்தால் ரன், இல்லாவிட்டால் அவுட். ஒரே ஆள், ஒரே விக்கெட்.

அம்பயர் பேப்பர் கடைக்காரர். ஊரே அவரை ‘நைனா’ என்று கூப்பிடும். நடுநிலையான ஆள் என்று இரண்டு தெருவும் ஒத்துக்கொண்டது. அவர் தராசு இரண்டு தெருவுக்கும் ஒரே அளவுதான் குறைத்துக் காட்டும். அதைவிட நடுநிலை எங்கே கிடைக்கும்? தவிர, அவரிடம்தான் டிக்‌ஷனரி இருந்தது. எடைக்கு வந்த குண்டு புத்தகம், அட்டை போயிருந்தது. இத்தனை நாள் கடை டேபிளின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. நைனா அதை உருவினார், டேபிள் சாய்ந்தது, மேட்ச் தொடங்கியது.

டாஸில் கான்வென்ட்டு முதலில் ஆட வந்தான். நைனா கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறந்து ஒரு வேரைக் கொடுத்தார். ‘ஃபார்ம்.’

பையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிரேயரில் நிற்கிற மாதிரி நின்றான். “ரிஃபார்ம். இன்ஃபார்ம். பெர்ஃபார்ம்.”

ஒவ்வொன்றுக்கும் எங்கள் கேப்டன் “அப்பீல்!” என்று கத்தினான். அப்பீலுக்குக் காசா பணமா? நைனா ஒவ்வொரு தடவையும் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, எழுத்துக் கூட்டி, “கீது” என்றார்.

“டிரான்ஸ்ஃபார்ம். டிஃபார்ம். ஃபார்மல். பிளாட்ஃபார்ம்.”

“ஐய! பிளாட்பாரம் இன்னாடா வார்த்த? அது பேசின் பிரிட்ஜில கீது!” என்றான் கேப்டன்.

“அங்கயும் கீது, புக்குலயும் கீது” என்றார் நைனா. “ஏழு ரன்னு.”

பையன் மூச்சு வாங்கக்கூட இல்லை. “யூனிஃபார்ம்.”

“அப்பீல்!”

பின் தெரு மொத்தமும் சிரித்தது. நான்கூட கேப்டனின் கையைப் பிடித்து இழுத்தேன். யூனிஃபார்முக்கு யாராவது அப்பீல் பண்ணுவார்களா? அதைப் போட்டுக்கொண்டு ஒருத்தன் கண்ணெதிரே நிற்கிறான். நைனா புரட்டினார். இன்னொரு தடவை புரட்டினார். கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளினார்.

“இல்ல” என்றார்.



“இன்னா நைனா இல்லங்குற? அவன் ஒடம்புல கீது பாரு!” என்று பின் தெரு கேப்டன் அந்தப் பையனின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினான்.

“அவன் ஒடம்புல கீறத பாக்க நான் இன்னா டெய்லரா? புக்குல இல்ல. அவுட்டு.”

“புக்குல இல்லன்னா ஒலகத்துலயே இல்ல!” என்று எங்கள் கேப்டன் பேட்டைத் தூக்கிக்கொண்டு ஆடினான். கான்வென்ட்டு குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். பன்னிரண்டு வருஷமாகப் போட்டுவந்த ஒன்று இல்லை என்றால் யாருக்குத்தான் பேஜாராக இருக்காது?

அடுத்து நான். எட்டு ரன் எடுத்தால் ஜெயம். வேர், ‘ஜஸ்ட்.’

டயர் கடை மாடிக்கு மனதில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆரம்பித்தேன். ஜஸ்டிஸ். இன்ஜஸ்டிஸ். ஜஸ்டிஃபை. அட்ஜஸ்ட். ஒவ்வொன்றுக்கும் பின் தெரு அப்பீல் கேட்டது, நைனா “கீது, கீது” என்று சொல்லிக்கொண்டே போனார். அட்ஜஸ்ட்மென்ட். ஜஸ்ட்லி. ஏழாவதாக ‘ஜஸ்டிஃபிகேஷன்’ என்று சொன்னபோது எங்கள் பக்கம் விசில் பறந்தது. அவ்வளவு நீளமான வார்த்தை எங்கள் தெருவிலிருந்து அதுவரை யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. டிரெய்லர் இல்லை அது, கூட்ஸ் வண்டி.

சரியாக அங்கே என் சரக்கு தீர்ந்தது. ஒரே ஒரு வார்த்தை பாக்கி. ஈஸியான வார்த்தை என்று கடைசிக்கு வைத்திருந்தேன். நியாயத்துக்கு முன்னால் ஒரு ‘அ’ போட்டு நாம் அநியாயம் என்கிறோமே, அந்த மாதிரி.

“அன்ஜஸ்ட்” என்றேன், சாவகாசமாக.

“அப்பீல்” என்றான் கான்வென்ட்டு. அவன் முகத்தில் நம்பிக்கையே இல்லை.

நைனா புரட்டினார். “இல்ல. அவுட்டு.”

நான் பாய்ந்துபோய்ப் புத்தகத்தைப் பிடுங்கினேன். ‘அண்டர்’ என்று ஆரம்பிக்கிற வார்த்தைகள் முடிகிற இடத்தில் இரண்டு மூன்று தாள்களின் அடிக்கட்டை மட்டும் பல் பல்லாக நின்றது. அதைத் தாண்டினால் நேராக ‘அப்பர்’.

“பக்கம் கிழிஞ்சி கீது நைனா! என் வார்த்த கிழிஞ்ச பக்கத்துல கீது!”

“அப்போ எங்க யூனிஃபார்மும் அங்கதான் கீது!” என்றான் கான்வென்ட்டு. சத்தமாகச் சொன்னபோதுதான் அவனும் எங்கள் ஏரியாப் பையன் என்று தெரிந்தது.

தள்ளுமுள்ளு ஆரம்பித்தது. நைனா தராசுக் கல்லை எடுத்துத் தட்டி எல்லோரையும் அடக்கினார். “நேத்து பஜ்ஜி கடைக்கு ஒரு கட்டு தாள் கிழிச்சிக் குடுத்தேன். அதுல போயிருக்கும். நான் சோத்துக்கு வூட்டுக்குப் போறதுக்குள்ள அந்த பக்கத்த எட்தாந்தா, அவுட்ட வாபஸ் வாங்கிக்கறேன். ரெண்டு பேருக்கும்தான். அப்பால ரெண்டு பேரும் மேல ஆடலாம். எட்தாரலன்னா கத ஓவர்.”

பஜ்ஜிக் கடை இரண்டு கடை தள்ளி. இரண்டு டீமும் மழையில் ஓடினோம். கடை அக்கா வாணலியில் கரண்டியை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

“யக்கா, அந்த தாள் கட்ட குடு, ஒரு நிமிசம் பாத்துட்டுத் தரோம்.”

“பஜ்ஜி வாங்குனா தாளு. சும்மா தாள் குடுக்க நான் இன்னா லைப்ரரியா வெச்சிகினு கீறேன்?”

“யக்கா, தெரு மானம் யக்கா!”

“வாழக்காவா, வெங்காயமா?”

வேறு வழியில்லை, வாங்கினோம். இரண்டு தெருவும் வரிசையில் நின்று வாங்கியது. பஜ்ஜியை யாரும் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தார்கள். யாரோ ஒருத்தனின் அரையாண்டுக் கணக்குப் பேப்பர் வந்தது, பாவம், பார்டரில் ஃபெயில். ஜோசியப் பக்கம் வந்தது. கல்யாணப் பத்திரிகை வந்தது. டிக்‌ஷனரித் தாளும் ஒன்று வந்தது, ஆனால் அதில் எல்லாம் ‘அண்டர்’. பின் தெருக் கேப்டன் நாலாவது தடவை வரிசையில் வந்து நின்றபோது அக்கா, “மழைல எல்லாருக்கும் நல்லா பசிக்குது” என்று சந்தோஷமாக மாவு கரைத்தாள்.

நான் வெறி பிடித்து நின்றேன். கிரவுண்டு மறந்துவிட்டது. என் வார்த்தை சரியான வார்த்தை. சரியான வார்த்தைக்கு என்னை அவுட் கொடுத்திருக்கிறார்கள். அதை நிரூபிக்காமல் அங்கிருந்து போவதாக இல்லை.

அப்போது எங்கள் கேப்டன் கைக்கு ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தான். என்னைக் கண்ணால் கூப்பிட்டு, கடைக்குப் பின்னால் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனான். அந்தத் தாளேதான். எண்ணெயில் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. கீழ் மூலையில், ஒரு வெங்காயத் துண்டுக்குப் பக்கத்தில், என் வார்த்தை.

“அன்ஜஸ்ட்!” என்றேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “பாரு மாமு! நான் சொல்லல?”

“இரு.” அவன் தாளைத் திருப்பினான். “இந்தப் பக்கம் இன்னா போட்டு கீது?”

பார்த்தேன். “யூனிஃ...”

அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. கொதிக்கிற வாழைக்காய் பஜ்ஜி ஒன்று முழுதாக என் வாய்க்குள் போயிருந்தது. கேப்டனின் உள்ளங்கை அதற்கு மேல் மூடியாக இருந்தது.

“கத்தாத” என்றான் காதுக்குள். “இப்போ இன்னா ஸ்கோரு? அவனுக்கும் ஏழு, உனுக்கும் ஏழு. டை. டைன்னா கிரவுண்டு யாருக்கு?”

நமக்கு. ஆனால் வாய் எரிந்ததால் சொல்ல முடியவில்லை.

“இந்தத் தாள் நைனாகிட்ட போனா ரெண்டு பேரும் மேல ஆடணும். அவன் இன்னும் பத்து வார்த்த வெச்சிகினு கீறான். உன்னாண்ட இன்னா கீது?”

தலையை ஆட்டினேன். ஒன்றுமில்லை.

“அப்போ முழுங்கு.”

பஜ்ஜியைத்தான் சொன்னான். நான் முழுங்கினேன். கூடவே என் வார்த்தையையும். இருந்தாலும் கை தாளை நோக்கிப் போனது. எட்டாவது ரன் அது. டிகிரி படித்தவன் வேண்டுமானால் அதை விடுவான், டயர் கடை மாடியில் படித்தவன் விடுவானா? கேப்டன் என் கையைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான்.

“மாமு” என்றான், வேறு குரலில். “உனுக்கு வார்த்த நாளைக்கும் கெடைக்கும். எனுக்கு ஞாயித்துக்கெழம ஒண்ணுதான் கீது.”

கையை எடுத்துக்கொண்டேன். கேப்டன் முன்பக்கம் போய், “யக்கா, அடுப்பு அணையுது பாரு” என்று அக்கறையாகச் சொல்லி, தாளைச் சுருட்டி விறகுக்கு நடுவில் செருகினான். எண்ணெய்த் தாள் இல்லையா, குபுக்கென்று பற்றிக்கொண்டது. அன்ஜஸ்ட்டும் யூனிஃபார்மும் ஒரே நிமிஷத்தில் சாம்பல்.

மதியம் நைனா சாப்பாட்டுக்குக் கிளம்பினார். “பக்கம் வர்ல. டை” என்று சொல்லிவிட்டு, டிக்‌ஷனரியைத் திரும்பவும் டேபிள் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். பின் தெரு வயிறு முட்டப் பஜ்ஜியோடு வீட்டுக்குப் போனது. எனக்கு மேலண்ணம் வெந்து, இரண்டு நாள் கஞ்சிதான். அம்மா, “இன்னாடா, ரீ-சோறு வேணாமா?” என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு வெயில் அடித்தது. கிரவுண்டு காய்ந்திருந்தது. பார்த்தால் எங்கள் டீமில் ஆள் குறைவு, இரண்டு பேர் கல்யாணத்துக்கு மாத்தூர் போயிருந்தார்கள். குடோன் சுவர் மேல் கான்வென்ட்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்கும் ஸ்பெஷல் கிளாஸ் போல, அதே வெள்ளைச் சட்டை, நீல பேன்ட்.

கேப்டன் பந்தைத் துடைத்துக்கொண்டே அவனைப் பார்த்தான். “டேய், ஆளு கொறையுது. எறங்குறியா?”

பையன் யோசித்தான். “ஒரு கண்டிஷன். யூனிஃபார்ம்னு ஒரு வார்த்தை இருக்குன்னு நீ ஒத்துக்கணும்.”

கேப்டன் அவனை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தான். பட்டன், பேட்ஜ், பேன்ட் எல்லாவற்றையும் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

“நைனா கட தொறக்கட்டும்” என்றான். “கேட்டு சொல்றேன். நீ அதுவரைக்கும் லாங்-ஆன்ல நில்லு.”